தோள்பையில் கைத்துப்பாக்கி, கூடவே தினசரிச் சாமான்: பை எப்படி இருக்கணும்?

கரிசல்_டெக்ஸஸ்

டெக்ஸஸில் எல்டிசி (கைத்துப்பாக்கி எடுத்துச்செல்லும் லைசென்ஸ்) வைத்திருக்கிறேன். துப்பாக்கி க்ளாக் 43எக்ஸ். வெயில் காலத்தில் டி-ஷர்ட்டுக்கு அடியில் இடுப்பு ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை) புடைத்துக்கொண்டு தெரிகிறது. அதனால் 8 லிட்டர் குறுக்குத் தோள்பைக்கு மாறலாமா என்று யோசனை. பையில் போகப்போவது: பவர் பேங்க், டார்ச், டூர்னிகெட் (ரத்தப்போக்கை நிறுத்தும் இறுக்குப் பட்டை), சாவிக்கொத்து, பர்ஸ், அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். முதுகை ஒட்டிய அறையில் ஒரு இலாஸ்டிக் பட்டை தைத்திருக்கிறார்கள். துப்பாக்கியை அதில் சொருகினால் போதுமா? சேம்பரில் (குழலின் பின்முனையில், சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் இடம்) ரவுண்டு, அதாவது தோட்டா, வைக்கலாமா? இந்த ஏற்பாட்டில் எங்கே சொதப்பும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரும்புப்பெட்டி

இலாஸ்டிக் பட்டை போதாது. அது துப்பாக்கியை நகராமல் பிடிக்கும், ட்ரிகரைக் காக்காது. இலாஸ்டிக் துணி வழியாகவே ட்ரிகரை அமுக்க முடியும். வெறும் பட்டையில் சொருகி, வெளியிலிருந்து ஒரு பேனாவால் அழுத்திப் பாருங்கள் (தோட்டா அடுக்கிய மேகசினைக் கழற்றி, சேம்பர் காலி என்று இரண்டு முறை பார்த்த பிறகு). ட்ரிகர் நகர்வது கண்ணுக்கே தெரியும். க்ளாக்கில் தனியாகத் தள்ளிவிடும் சேஃப்டி கிடையாது. ட்ரிகரின் அழுத்தம் இரண்டரை கிலோ சுமார். நிறைந்த பையை சோஃபாவில் பொத்தென்று போட்டால் அந்த விசை எளிதில் வந்துவிடும்.

வேண்டியது கைடெக்ஸ் மாதிரி கெட்டியான பிளாஸ்டிக்கில், உங்கள் மாடலுக்கென்றே வார்த்த ஹோல்ஸ்டர். ட்ரிகர் கார்டு (ட்ரிகரைச் சுற்றியிருக்கும் வளையம்) முழுவதும் மூடியிருக்க வேண்டும். துப்பாக்கி உள்ளே போகும்போது 'டக்' என்று உட்கார வேண்டும். தலைகீழாகப் பிடித்து உதறினாலும் விழக் கூடாது. அதே சமயம் ஹோல்ஸ்டர் பையோடு பிணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உருவும்போது ஹோல்ஸ்டரும் கூடவே வந்து கையில் நிற்கும்.

இன்னொன்று. துப்பாக்கி இருக்கும் அறையில் வேறு எதுவும் போகக் கூடாது. பர்ஸ் கூடாது, லிப் பாம் கூடாது, மடித்த ரசீதுகூடக் கூடாது. 'இப்போதைக்கு' என்று சாவியை அங்கே போடுகிற பழக்கம் இருந்தால் பைத் திட்டத்தையே கைவிடுங்கள்.

ஒற்றைப்பனை

நான் முதலிலேயே எதிர்க்கட்சி. இடுப்பில் இருப்பது உங்களோடு எழுந்து உங்களோடு நடக்கும். பையைக் கழற்றிவைக்க ஒரு நாளில் இருபது சந்தர்ப்பம் வரும்: கார் சீட், அலுவலக நாற்காலி, பாத்ரூம் கொக்கி, ஷாப்பிங் கார்ட். பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறவனுக்குப் பர்ஸோடு துப்பாக்கியும் இலவசம். 43எக்ஸின் நீளம் 165 மி.மீ. தான். நல்ல பெல்ட், பிடியை உடலோடு அணைக்கும் க்ளா வைத்த ஹோல்ஸ்டர், ஒரு சைஸ் பெரிய அரைக்கைச் சட்டை இருந்தால் டி-ஷர்ட் பிரச்சினை முக்கால்வாசி தீரும். அதை முயன்று பார்க்காமல் பைக்கு வராதீர்கள்.

செவ்வந்தி_நா

ஒற்றைப்பனை சொல்வது சரி. ஆனாலும் பெல்ட்டே போடாத உடையில் போகிறவர்களுக்கு, முதுகுவலிக்காரர்களுக்கு, கர்ப்பிணிகளுக்குப் பைதான் வழி. அவர்களுக்காக ஒரே ஒரு விதி: பை உடம்பில் இருக்கும், அல்லது துப்பாக்கி பூட்டில் இருக்கும். நடுவில் மூன்றாவது நிலை கிடையாது.

உட்காரும்போது பையை மடியில் வையுங்கள், ஸ்ட்ராப் தோளிலேயே இருக்கட்டும். நாற்காலி முதுகில் மாட்டவே கூடாது. பாத்ரூமிலும் கழுத்தில்தான், கதவுக் கொக்கியில் மாட்டினால் மறந்துவிட்டு வருவோம். ஷாப்பிங் கார்ட்டின் குழந்தை இருக்கையில் வைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். 2014 டிசம்பர் 30 அன்று ஐடஹோவின் ஹேடனில் ஒரு கடையில் இரண்டு வயதுக் குழந்தை கார்ட்டில் இருந்த அம்மாவின் பையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுட்டதில் அந்த அம்மா அங்கேயே இறந்தார். அது மறைத்து எடுத்துச்செல்வதற்கென்றே தனி ஜிப் அறையோடு செய்த பைதான். ஆக, 'என் பையில் தனி அறை இருக்கிறது' என்பது குழந்தைக்கு எதிரான பாதுகாப்பு அல்ல.

நம் ஆட்களுக்கு மட்டுமே உள்ள ஆபத்து ஒன்று: தமிழ்ச் சங்க விருந்து, கொலு, பிறந்தநாள். உள்ளே நுழைந்ததும் 'பையை இங்க வைங்க' என்று கோட்டு, ஸ்வெட்டரோடு சேர்த்துப் படுக்கையறைக் கட்டிலில் குவித்துவிடுவார்கள். பத்து நிமிஷத்தில் வாண்டுகள் அந்தக் கட்டிலில் குதித்துக்கொண்டிருக்கும், எந்த ஆன்ட்டி பையில் சாக்லேட் இருக்கிறது என்று ஜிப்பைத் திறந்து பார்க்கும். அந்த மாதிரி இடத்துக்குத் துப்பாக்கியோடு போகாதீர்கள். போயே ஆக வேண்டும் என்றால் யார் கேட்டாலும் பையைக் கழற்றாதீர்கள், மரியாதை பார்க்காதீர்கள்.

டெக்ஸஸில் லோட் செய்த துப்பாக்கியை அஜாக்கிரதையாக விட்டுவைத்து, அது 17 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் கைக்குக் கிடைத்தால் தனிக் குற்றம். வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன் பையிலிருந்து ஹோல்ஸ்டரோடு எடுத்துப் பெட்டகத்தில் வைப்பதுதான் வரிசை. கதவுப் பிடியில் பையை மாட்டிவிட்டு 'அப்புறம் எடுக்கலாம்' என்பது அந்தக் குற்றத்தின் முதல் படி.

கரிசல்_டெக்ஸஸ்

விருந்து விஷயம் என் மூளையில் வரவே இல்லை, நன்றி. சேம்பர் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே? உருவுவது எப்படி என்றும் யாராவது படிப்படியாகச் சொன்னால் நல்லது. வலது கைக்காரன் நான்.

இரும்புப்பெட்டி

சேம்பர்: சேம்பர் காலியாக இருந்தால், தோட்டாவை ஏற்றத் துப்பாக்கியின் மேல்பகுதியான ஸ்லைடை இழுக்க இரண்டு கை வேண்டும். பையிலிருந்து எடுக்கும்போது ஒரு கை ஸ்ட்ராப்பில் இருக்கும். அதனால் காலி சேம்பர் என்பது பையில் இன்னும் மெதுவான ஏற்பாடு. ஆனால் கெட்டி ஹோல்ஸ்டர் இல்லாதவர் 'சேம்பர் காலி, அதனால் பரவாயில்லை' என்று சமாதானம் சொல்லிக்கொள்வதை ஏற்க மாட்டேன். ஹோல்ஸ்டர் இல்லையா, துப்பாக்கியே வேண்டாம். ஹோல்ஸ்டர் இருக்கிறது, ஆனால் பயிற்சி இன்னும் கையில் ஏறவில்லையா, அதுவரை சேம்பர் காலியாக இருக்கட்டும்.

உருவுவது, வலது கைக்காரருக்கு:

1. ஸ்ட்ராப் வலது தோளில், பை இடது இடுப்புக்கு முன்னால். முதுகுப் பக்கம் தொங்கவிட்டு நடந்தால் முதலில் பையைச் சுழற்றி முன்னால் கொண்டுவரும் வேலை கூடுதல். கூட்டத்தில் அது நடக்கவே நடக்காது.
2. இடது கை ஜிப் இழுப்பானைப் பிடித்து ஒரே இழுப்பில் முழுவதும் திறக்க வேண்டும்.
3. திறந்ததும் இடது கை பையை விட்டு மேலே வந்து மார்புக்கு முன்னால் ஸ்ட்ராப்பைக் கெட்டியாகப் பிடிக்கட்டும். பை ஆடாது, கையும் குழல்வாய்க்கு முன்னால் இருக்காது.
4. வலது கை உள்ளே போய் முழுப் பிடி. ஆள்காட்டி விரல் ட்ரிகரில் படாமல், நீட்டியபடி துப்பாக்கியின் உடற்பகுதி மேல்.
5. ஹோல்ஸ்டர் நிற்கும் திசையிலேயே நேராக மேலே. வெளியே வந்த பிறகுதான் முன்னால் திரும்ப வேண்டும்.

எல்லோரும் தப்பு செய்வது மூன்றாவது படியில். பை ஆடுகிறதே என்று இடது கை பையின் அடியைத் தாங்கும். அந்தக் கணமே குழல்வாய் சொந்த உள்ளங்கையைப் பார்க்கும். பைப் பயிற்சியில் மற்றதெல்லாம் இதற்கு அடுத்துத்தான்.

திரும்ப உள்ளே வைப்பது இன்னும் மோசம். பைக்குள் இருக்கும் ஹோல்ஸ்டர் வாய் கண்ணுக்குத் தெரியாது, துணி மடிப்பு ட்ரிகர் கார்டுக்குள் போகும். பையைக் கழற்றி மேசையில் வைத்து, ஹோல்ஸ்டரை வெளியே எடுத்து, துப்பாக்கியை அதில் உட்காரவைத்து, இரண்டையும் சேர்த்துப் பைக்குள் பொருத்துங்கள். அவசரம் என்று ஒன்று அதில் கிடையாது.

பழகுவதற்குத் தோட்டாவே இல்லாத அறையில் நீல நிற ரப்பர் மாதிரித் துப்பாக்கி போதும். வாரத்துக்கு மூன்று நாள், ஒரு தடவைக்கு 15 முறை, முதலில் மெதுவாக. ரேஞ்சில் (சுடும் பயிற்சி இடத்தில்) பையிலிருந்து உருவ அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் விடமாட்டார்கள், அவர்கள் பயம் நியாயமானது.

ஊசிநூல்

பை தைக்கிறவன் பார்வையில் சில விஷயம்.

வெல்க்ரோ: கொக்கிப் பக்கம் ஹோல்ஸ்டரில், மென்மையான பக்கம் பைச் சுவரில். மாற்றிப் போட்டால் பைச் சுவர் ஸ்வெட்டர், கைக்குட்டை எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். வெல்க்ரோவின் பலம் அது ஒட்டியிருக்கும் தளத்தின் வாட்டத்தில் இழுக்கும்போதுதான். ஓரத்திலிருந்து உரித்தால் குழந்தைகூடப் பிய்த்துவிடும். துப்பாக்கியைச் சுவருக்கு இணையாக மேலே இழுத்தால் ஹோல்ஸ்டர் அசையாது; உங்களை நோக்கிச் சாய்த்து இழுத்தால் மூலையிலிருந்து உரியத் தொடங்கும். இரும்புப்பெட்டி 'நேராக மேலே' என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

மெல்லிய பைச் சுவர் வளையும். சுவர் வளைந்தால் வெல்க்ரோவும் வளைந்து, நேர் இழுப்புகூட உரிப்பாக மாறிவிடும். தீர்வு: 1.5 மி.மீ. பாலிஎத்திலீன் தகடு. அறையின் அளவைவிட இரண்டு பக்கமும் 3 மி.மீ. குறைவாக வெட்டி, மூலைகளை வட்டமாக்கி, வெல்க்ரோ தளத்துக்குப் பின்னால் சொருகுங்கள். மூலையை வட்டமாக்காவிட்டால் இரண்டு மாதத்தில் துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும். அதற்கும் மேல் காப்பாக, ஹோல்ஸ்டரின் ஓட்டையிலிருந்து பையின் அடித்தையலுக்கு ஒரு மெல்லிய பாராகார்டு (நைலான் கயிறு) கட்டிவிடுங்கள், வேண்டும்போது நீங்களே அவிழ்க்கிற மாதிரி. வெல்க்ரோ விட்டாலும் ஹோல்ஸ்டர் வெளியே வராது.

இந்தத் தகடு இன்னொரு வேலையும் செய்யும். மேகசின் விடுவிக்கும் பொத்தான் பக்கம் தண்ணீர் பாட்டில் அழுத்தினால் மேகசின் இரண்டு மூன்று மி.மீ. கீழே இறங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. சேம்பரில் இருக்கும் ஒன்று போகும், அடுத்த ரவுண்டு ஏறாது. தகடு அந்த அழுத்தத்தைத் தடுக்கும். ஆனாலும் காலையில் பையை மாட்டுமுன் துப்பாக்கி ஹோல்ஸ்டரில் இருக்கும்போதே மேகசின் அடியை உள்ளங்கையால் ஒரு தள்ளு தள்ளுவது பழக்கமாகட்டும்.

ஜிப்: அறைக்கு ஒய்கேகே 8 அல்லது 10 எண் காயில் ஜிப். 5 எண் ஜிப் வளைவில் திக்கும். இரண்டு ஓட்டி இருந்தால் ஒன்றைக் கழற்றிவிடுங்கள். எந்தப் பக்கம் திறக்கும் என்று விரல் யோசிக்கவே கூடாது. இழுப்பானில் கண்ணி போட்ட கயிறு வேண்டாம், அது கார் கதவில் மாட்டும். கெட்டியான நாடா, நுனியில் முடிச்சு, நீளம் 6 செ.மீ.

பையின் உள்ளுயரம்: குழல்வாய் தரையைப் பார்க்கும்படி நிறுத்தினால்தான் நல்லது. படுக்கவைத்தால் நாள் முழுக்கப் பக்கத்தில் நிற்பவரைக் குறிபார்த்துக்கொண்டிருக்கும். 165 மி.மீ. துப்பாக்கிக்கு ஹோல்ஸ்டரோடு உள்ளுயரம் 21 செ.மீ.க்குக் குறையாமல் பாருங்கள். பல 'ஸ்லிங்' பைகள் இங்கேயே அடிபட்டுப்போகும்.

ஸ்ட்ராப் அகலம் 38 மி.மீ.க்குக் கீழே வேண்டாம். மேலெல்லாம் வலையும் ஒட்டுவில்லையுமாக, 'என்னிடம் துப்பாக்கி இருக்கிறது' என்று பறைசாற்றும் பைகளும் வேண்டாம். பார்த்தால் மடிக்கணினிப் பை மாதிரி இருக்க வேண்டும்.

பிரிவு922

இந்த இழையைப் படிக்கும் பாதிப் பேர் விசாவில் இருப்பார்கள் என்பதால் சொல்கிறேன். எச்1பி, எச்4, எஃப்1 போன்ற குடியேற்றமல்லாத விசாக்காரர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டம் 922(ஜி)(5)(பி)-யின்படி குற்றம். மாநிலம் வழங்கிய செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. க்ரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. 2019-ல் உச்ச நீதிமன்றம்வரை போன ரெஹைஃப் வழக்கு, மாணவர் விசா தகுதியை இழந்த ஒருவர் ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டதில் தொடங்கியது. தன் தகுதி என்னவென்று அவருக்குத் தெரிந்திருந்ததை அரசு நிரூபிக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. சுட்டது தப்பில்லை என்று வரவில்லை.

பைக்கு இது எப்படிப் பொருந்தும்? நீங்கள் குடிமகன், மனைவி எச்4. கடையில் 'இதைக் கொஞ்சம் பிடி' என்று பையைக் கொடுக்கிறீர்கள். உள்ளே என்ன என்று அவருக்குத் தெரியும். அந்த நிமிஷம் துப்பாக்கி யார் வசம்? இடுப்பு ஹோல்ஸ்டரில் இப்படியொரு கேள்வியே எழாது. வீட்டுப் பெட்டகத்தின் சாவியோ நம்பரோ அவரிடம் இருப்பதும் அதே சிக்கல்தான். துப்பாக்கிச் சட்டக் குற்றத்தில் தண்டனை வந்தால் க்ரீன் கார்டுக்காரரையும் நாடு கடத்த அது ஒரு காரணம், மறக்க வேண்டாம்.

2024 ஜூலையில் லூசியானாவும் சேர்ந்து 29 மாநிலங்களில் பெர்மிட் இல்லாமலே மறைத்து எடுத்துப் போகலாம். அதை நம்பிப் பெர்மிட் வாங்காமல் இருக்காதீர்கள். பள்ளியிலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. அதில் விலக்கு, அந்தப் பள்ளி இருக்கும் மாநிலத்தின் லைசென்ஸ் உள்ளவருக்குத்தான். ஊருக்குள் கார் ஓட்டினால் அந்த 1,000 அடியைத் தொடாமல் போக முடியாது. டெக்ஸஸில் வாசலில் 30.06 பலகையோ (மறைத்த துப்பாக்கிக்கு உரிமையாளரின் தடை) சிவப்பு 51% பலகையோ (வருமானத்தில் பாதிக்கு மேல் மது விற்பனையில் வரும் இடம்) இருந்தால் உள்ளே எடுத்துப் போகக் கூடாது, பையில் இருந்தாலும் இடுப்பில் இருந்தாலும் ஒன்றுதான். வழிபாட்டிடத்துக்கு மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும்.

போலீஸ் காரை நிறுத்தினால் கை பைக்குள் போகவே கூடாது. ஓட்டுநர் லைசென்ஸும் எல்டிசியும் சட்டைப் பையில் இருக்கட்டும். மிச்சிகன் மாதிரி மாநிலங்களில் அவர் கேட்குமுன் நீங்களே சொல்ல வேண்டும்.

ஒற்றைப்பனை

விமானத்தை விட்டுவிட்டீர்கள். 2024-ல் அமெரிக்க விமான நிலையச் சோதனைகளில் டிஎஸ்ஏ (அங்கே பயணிகளைச் சோதிக்கும் அரசு அமைப்பு) பிடித்த துப்பாக்கி 6,678. ஏறத்தாழ 94 சதவீதம் லோட் செய்தவை. பிடிபட்டவர்கள் பெரும்பாலும் சொல்வது 'பையில் இருந்ததை மறந்துட்டேன்'. இடுப்பில் இருப்பதை அவ்வளவு எளிதில் மறக்க மாட்டோம். அபராதம் பல ஆயிரம் டாலர், ப்ரீசெக் (விரைவுச் சோதனைச் சலுகை) குறைந்தது 5 வருஷத்துக்குப் போச்சு.

துப்பாக்கிகூட வேண்டாம், ஒரே ஒரு 9 மி.மீ. ரவுண்டு போதும். அறையின் அடித்தையல் மடிப்பில் உருண்டு ஒளிந்துகொள்ளும். அந்தப் பையோடு சென்னைக்குப் போய், திரும்பும்போது மீனம்பாக்கத்தில் ஸ்கேனரில் தெரிந்தால் 1959 ஆயுதச் சட்டத்தில் வழக்கு. லைசென்ஸ் இல்லாத தோட்டாவும் அங்கே குற்றம்தான். தெரியாமல் கிடந்தது என்று உயர் நீதிமன்றங்கள் ரத்து செய்த வழக்குகள் உண்டு, ஆனால் அதுவரை விமானம் உங்களுக்காக நிற்காது. துப்பாக்கிப் பை துப்பாக்கிக்கு மட்டும். அதை எந்தப் பயணத்துக்கும் எடுக்காதீர்கள், சுத்தம் செய்துவிட்டேன் என்றாலும்.

நாடித்துடிப்பு

மற்ற சாமான் பற்றிச் சுருக்கமாக. 43எக்ஸ் தோட்டாவோடு 650 கிராம் சுமார், தண்ணீர் அரை கிலோ, பவர் பேங்க் கால் கிலோ. மொத்தம் 3 கிலோவைத் தாண்டினால் மதியத்துக்குள் தோள் வலித்துப் பையைக் கழற்றுவீர்கள். அதுதான் ஒற்றைப்பனை பயப்படும் நிலை. பாட்டிலை வெளியேற்றுங்கள். மூடி கசிந்தால் துருவும் இலவசம்.

டூர்னிகெட் 'கேட்' என்ற மாடலின் 7-ஆம் தலைமுறையாக இருந்தால் பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, கால் நுழையும் அளவுக்கு வளையத்தை விட்டு மடித்து, துப்பாக்கி அறையைத் திறக்காமலே எடுக்கும் வெளி அறையில் வையுங்கள். அதைத் தேவைப்படும் நாளில் பெரும்பாலும் துப்பாக்கிக்கு வேலை இருக்காது. கார் விபத்துதான் இருக்கும். கூடவே அழுத்தக் கட்டு ஒன்று, கையுறை ஒரு ஜோடி, கட்டிய நேரம் எழுத மார்க்கர். 'ஸ்டாப் த ப்ளீட்' (ரத்தப்போக்கை நிறுத்தும் முதலுதவி) வகுப்பு ஒருமுறை போய்விட்டு வாருங்கள்.

டார்ச் கையில் பிடிப்பதாகத் தனியாக இருக்கட்டும். துப்பாக்கியில் மாட்டிய விளக்கால் எதையாவது தேடினால், தேடும் இடமெல்லாம் குழல்வாயும் போகும். டார்ச்சுக்கு உதிரியாக வைக்கும் 18650 வகை பேட்டரி பிளாஸ்டிக் டப்பாவில்தான். சாவிக்கொத்தோடு உரசினால் ஷார்ட் ஆகிப் பை புகையும்.

கரிசல்_டெக்ஸஸ்

அப்போ திட்டம் மாறுகிறது. இலாஸ்டிக் பட்டையை அறுத்தெறிந்து, கைடெக்ஸ் ஹோல்ஸ்டர், தகடு, பாராகார்டு. பாட்டில் வெளியே, பர்ஸும் லைசென்ஸும் சட்டைப் பையில். முதலில் ஒரு மாதம் ரப்பர் துப்பாக்கியோடு மட்டும் பையை மாட்டிக்கொண்டு, எத்தனை முறை கழற்றுகிறேன் என்று எண்ணிப் பார்க்கிறேன். எண்ணிக்கை மோசமாக இருந்தால் ஒற்றைப்பனை சொன்ன பெல்ட்டுக்கே போய்விடுகிறேன். 8 லிட்டர் பையின் உள்ளுயரம் அளந்தேன், 19 செ.மீ. கொஞ்சம் சாய்த்து வைத்தால் ஓடுமா?

ஊசிநூல்

ஓடாது. சாய்த்தால் பிடி ஜிப்பின் ஓரத்தில் முட்டும், திறக்கும்போது ஜிப் பல் அங்கேயே சிக்கும். இழுப்பின் திசையும் தகட்டுக்கு இணையாக இருக்காது, வெல்க்ரோ உரியும். வேறு பை பாருங்கள். கடைக்குப் போகும்போது 21 செ.மீ.க்கு வெட்டிய அட்டை ஒன்றைக் கொண்டுபோய், அறைக்குள் நிறுத்தி ஜிப்பை மூடிப் பாருங்கள். வெளியளவைச் சீட்டில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம், தையல் மடிப்பே இரண்டு செ.மீ. தின்றுவிடும்.